அத்தை ஊர் சுற்ற வந்த வாரம்

ஹசிந்தா அம்மாள் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பச்சைத் தக்காளிக் குழம்பில் ஊறிய சோள ரொட்டித் துண்டுகள் தொடப்படாமல் ஆறிக் கிடந்தன. வெறும் காப்பி போதும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மருமகளைப் பார்த்துப் பேசும் வழக்கம் அவளுக்கு விட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒஃபேலியா தட்டை எடுத்து வைத்துவிட்டு, தைலப் பாட்டிலோடு மாமியாரின் நாற்காலிக்கு அருகில் மண்டியிட்டாள். கிழவியின் முழங்கால்கள் இரண்டும் வீங்கி, தோல் உரிந்து சிவந்திருந்தன.

"காட்டுங்க அத்தை, இதைத் தடவி விட்டுடறேன்."

"நீ தொட வேணாம். அம்பாரோ போடுவா."

நாத்தனார் அம்பாரோ பாட்டிலை வாங்கிக்கொண்டு சிரித்தாள். "உங்க கை பட்டா எரியுமாம் அண்ணி. எங்களுக்கு ஏற்கெனவே எரிஞ்சது போதாதா?"

மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த ருத்திலியோ ரொட்டியை மெல்லுவதில் மும்முரமாக இருந்தான். மனைவியை அம்மாவும் தங்கையும் குத்தும்போதெல்லாம் அவனுக்குச் சரியாகப் பசி எடுத்துவிடும்.

சகாடெகாஸ் மலைப்பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து மாமியாரும் நாத்தனாரும் பஸ்ஸில் வந்து இறங்கி மூன்றாவது நாள். தலைநகரின் போர்த்தாலெஸ் பகுதியில் மூன்றாவது மாடி வீடு. மகள் நர்சிங் படிக்கக் கெரெத்தாரோவுக்குப் போயிருந்ததால் அவள் அறை காலியாக இருந்தது. ஒஃபேலியா அதில் புது விரிப்பு விரித்து, ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டு, தெருமுனையில் அவள் நடத்திவந்த பியூட்டி பார்லரையும் ஒரு வாரத்துக்குப் பூட்டிவிட்டாள். ஆனால் வந்தவர்களுக்கு எதுவும் பிடிக்கவில்லை. தண்ணீரில் மருந்து வாடை அடித்ததாம். மிளகாயில் காரமே இல்லையாம். ரொட்டி இனித்ததாம். இதெல்லாம் ஒஃபேலியாவைத் தொடவே இல்லை. விருந்தாளிகள் குறை சொல்வதும், வீட்டுக்காரி காதில் வாங்காமல் அடுத்த வேளைக்கு வெங்காயம் நறுக்குவதும் எங்கும் உள்ளதுதானே.

அவளைத் தொட்டது முந்தின நாள் நடந்தது.

முந்தின நாள் குவாடலூப்பே மாதா கோயிலுக்குப் போயிருந்தார்கள். கிழவி வாசலிலேயே மண்டியிட்டு, முழங்காலாலேயே பீடம்வரை போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். எழுபதைத் தாண்டிய உடம்பு. கல்தளம் காலை வெயிலிலேயே சுட்டது. ஒஃபேலியா தன் சால்வையை அவிழ்த்து, கிழவிக்கு முன்னால் விரித்து, அவள் நகர்ந்ததும் எடுத்து மறுபடி முன்னால் விரித்தாள். பாதி வழியில் கிழவி அந்தச் சால்வையைக் கையால் விலக்கினாள். பிறகு நாலு பேர் கேட்கும்படியே வேண்டிக்கொண்டாள். "தாயே, என் கடைசிப் பையனைக் கண்ணுல காட்டு. அவனை என்கிட்டேருந்து விரட்டினவ பக்கத்துலயே நிக்கறா. அவளை நான் ஒண்ணும் சொல்லலை. அவனை மட்டும் காட்டிடு."

ரத்தம் கசிந்த அந்த முழங்கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் ஒஃபேலியா ஒரு முடிவுக்கு வந்தாள்.

காப்பிக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "நாளைக்குக் கோட்டையைப் பார்க்கலாம். ஞாயித்துக்கிழமை சொச்சிமில்கோ. படகுல போகலாம்."

ருத்திலியோவின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

*

துணி துவைக்கும் தொட்டிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் இருந்த மொட்டை மாடிக்கு ஒஃபேலியா ஈரத்துணி வாளியோடு ஏறினாள். ருத்திலியோ பின்னாலேயே வந்தான். கதவைச் சாத்தினான்.

"உனக்குப் பைத்தியமா? அவன் அங்கதானே இருக்கான்."

"அதனாலதான் போறோம்."

"அவனே வேணாம்னு சொல்லியிருக்கான். உன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

"சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கினான். நான் ஒரு வார்த்தை சொல்லப் போறதில்லை. படகுத்துறைக்குக் கூட்டிட்டுப் போறேன். அத்தைக்குக் கண்ணு இருக்கு, பார்த்துக்கட்டும்."

ருத்திலியோவின் தம்பி நிக்காந்த்ரோ பத்தொன்பது வயதில் வேலை தேடி இந்த நகரத்துக்கு வந்தவன். இந்த வீட்டில்தான் தங்கியிருந்தான். அண்ணிக்குப் பாத்திரம் தேய்த்துக் கொடுப்பான், அவள் மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவான், அம்மா நினைப்பு வந்தால் அண்ணியின் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வான். மினிபஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். சைக்கிளில் வந்த ஒரு ரொட்டிக்காரரை இடித்துவிட்டான். பயந்து ஓடினான். அந்த மனிதர் பிழைக்கவில்லை. மறுநாள் போலீஸ் வந்து இந்த வீட்டிலிருந்துதான் அவனைக் கூட்டிக்கொண்டு போனது.

சிறையில் முதல் தடவை பார்க்கப் போனபோது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்பாவுக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு. தெரிந்தால் தாங்கமாட்டார். அம்மாவிடமும் சொல்ல வேண்டாம். வேலைக்கு வடக்கே போய்விட்டான், எல்லை தாண்டிவிட்டான் என்று சொல்லிவிடுங்கள் என்றான். அவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் அப்படிப் போனவன்தான். யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

ஆனால் ஹசிந்தா அம்மாள் போனில் விடாமல் துளைத்தாள். சொல்லிக்கொள்ளாமல் ஏன் போனான்? அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்காமல் எந்தப் பிள்ளை எல்லை தாண்டுவான்? ருத்திலியோவுக்கு அம்மாவின் குரலென்றாலே நடுக்கம். திணறித் திணறி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன், "ஒஃபேலியாவுக்கும் அவனுக்கும் சண்டைம்மா... வீட்டை விட்டுப் போன்னு சொல்லிட்டா... கோபத்துல கிளம்பிட்டான்" என்று முடித்துவிட்டான். சிறைக்குக் கொண்டுபோக வேண்டிய சாப்பாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு ஒஃபேலியா அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒரு பொய் சொன்னவன், அது அவிழாமல் இருக்க இன்னொன்றும் சொன்னான். "அவன்கிட்ட அந்தப் பேச்சை எடுக்காதேம்மா, ரொம்ப ரோஷப்படறான், அப்புறம் போன் பண்றதையே விட்டுடுவான்." ஆகவே கிழவி இளைய மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகனும் தன் அண்ணி தலையில் என்ன விழுந்திருக்கிறது என்று அறியாமலே ஒவ்வொரு ஞாயிறும் மதியம், சிறையின் பொதுப் போன் முன் வரிசையில் நின்று, சிகாகோவிலிருந்து பேசுவதாக அம்மாவிடம் பேசினான்.

இவன் உள்ளே இருக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்தார். வடக்கே கள்ளத்தனமாகப் போனவன் திரும்பி வந்தால் மறுபடி போக முடியாது, அதனால் வரமுடியவில்லை என்று ஊர் புரிந்துகொண்டது. அவனை அப்படிப் போகவைத்தவள் யார் என்பதையும் புரிந்துகொண்டது. துக்க வீட்டில் ஒஃபேலியாவை அடுப்படியைத் தாண்டி வரவேண்டாம் என்றார்கள்.

இப்போது நிக்காந்த்ரோ வெளியே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொச்சிமில்கோ கால்வாயில் சுற்றுலாப் படகு தள்ளுகிறான். குடியை விட்டுவிட்டான். அம்மா முகத்தில் விழிக்கும் தைரியம் மட்டும் வரவில்லை.

"மூணு நாள்ல அவங்க ஊருக்குப் போயிடுவாங்க" என்று ருத்திலியோ கெஞ்சினான். "இத்தனை வருஷம் பொறுத்தவ, இன்னும் மூணு நாள் பொறுத்துக்கக் கூடாதா?"

ஒஃபேலியா ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள்.

"எனக்காகன்னு நினைக்கறீங்களா? எனக்குப் பழகிடுச்சு. நேத்து அந்தக் கல்லுல அத்தையோட ரத்தத்தைப் பார்த்தேன். என் சால்வையில இருக்கு, துவைச்சும் போகலை. ஒரு தாயை இதுக்கு மேல மண்டி போட வைக்கமாட்டேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி விடுங்க."

அவன் இறங்கிப் போனதும் அங்கிருந்தே மைத்துனனுக்குப் போன் செய்தாள். அவன் பதறினான். வேண்டாம் அண்ணி, உங்களைக் கும்பிடுகிறேன், அன்றைக்கு நான் துறையிலேயே இருக்கமாட்டேன் என்றான்.

"ஓடணும்னா ஓடு நிக்கோ. ஒருதடவை ஓடித்தான் இப்படி ஆச்சு. ஞாயித்துக்கிழமை உங்கம்மாவைக் கூட்டிட்டு அந்தத் துறையில வந்து நிப்பேன். அப்புறம் உன் இஷ்டம்."

*

சனிக்கிழமை சபுல்தெபெக் கோட்டைக்குப் போனார்கள். கோட்டையைச் சுற்றியிருந்த காட்டுக்குள் அணில்களுக்குக் கடலை போட்டதில் கிழவியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. மேலே ஏறும் பாதை செங்குத்தானது. ஒஃபேலியா ஒரு சின்ன மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வளைவுக்கு வளைவு விரித்துப்போட்டு மாமியாரை உட்காரவைத்தாள். கிழவி நன்றி சொல்லாமல் உட்கார்ந்தாள், சொல்லாமல் எழுந்தாள்.

மேலே, வெளிநாட்டிலிருந்து வந்து கொஞ்சகாலம் ஆண்ட மன்னரும் ராணியும் புழங்கிய அறைகளைப் பார்த்தபோது அம்பாரோ, இத்தனை பெரிய கட்டிலைக் கொடுத்தும் இவர்கள் நாட்டில் நிலைக்கவில்லை பார் என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல வாய். அம்பாரோ சிரிக்கவைப்பாள். அதே வாயால் கொல்லுவாள். பால்கனியில் நகரம் முழுக்கப் புகைமூட்டமாக விரிந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அண்ணியின் காதருகே வந்தாள்.

"இவ்வளவு பெரிய ஊரு. இதுல என் தம்பிக்கு ஒரு மூலை கொடுக்க உங்களுக்கு மனசு வரலையே அண்ணி."

ஒஃபேலியா தோளிலிருந்த நாற்காலியைச் சரிசெய்துகொண்டாள், அம்பாரோ விடவில்லை.

"எங்கப்பா கடைசி மூச்சுல அவன் பேரைத்தான் சொன்னாரு. நீங்க என்ன பண்ணீங்க? வெளியில வராதீங்கன்னு சொல்லியும் தள்ளிட்டு வந்து பெட்டி முன்னால நின்னீங்க. அப்படியே முறைச்சு முறைச்சுப் பார்த்தீங்க, கண்காட்சி பார்க்கற மாதிரி. அது போதாதுன்னு மறுநாளே இங்க ரத்தச் சிவப்புல சட்டை போட்டுட்டுத் தெருவுல நடந்தீங்களாமே? என் வீட்டுக்காரரோட மாமா பையன் லாரியிலேருந்து பார்த்திருக்கான். துக்கம் ஒரு நாள்கூடத் தாங்கலை உங்களுக்கு."

ஒஃபேலியா வாய்வரை வந்ததை விழுங்கினாள். நாளைக்கு, நாளைக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"வெயில் ஏறுது அம்பாரோ. அத்தைக்குத் தண்ணி கொடுத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை சொச்சிமில்கோ நிரம்பி வழிந்தது. பெண்கள் பெயரை முகப்பு வளைவில் எழுதிய வண்ணப் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ருத்திலியோவும் வந்திருந்தான், வியர்வையைத் துடைத்துத் துடைத்து அவன் கைக்குட்டை நனைந்து போயிருந்தது.

ஒஃபேலியா மற்றவர்களை நிழலில் நிறுத்திவிட்டுத் துறைக்காரரிடம் போய் மெல்ல விசாரித்தாள். நிக்காந்த்ரோவா? காலையிலேயே ஆளில்லாத ஒரு படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான், உடம்பு சரியில்லை, இன்று யாரையும் ஏற்றமாட்டேன் என்றான் என்றார் அவர்.

அவள் கால்வாயைத் துழாவிப் பார்த்தாள். ஓடிவிட்டான். அவளைத் தூரத்திலிருந்தே பார்த்த ருத்திலியோ விஷயத்தைப் புரிந்துகொண்டு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் ஒஃபேலியா நிமிர்ந்தாள். இன்றைக்கு இல்லையென்றால் நாளைக் காலை. பஸ் ஏறும் முன் அவன் தங்கியிருக்கும் அறைக் கதவையே தட்டிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். இனி பின்வாங்குவதில்லை. வேறொரு படகைப் பேசி எல்லோரையும் ஏற்றினாள்.

படகு நடுக்கால்வாய்க்கு வந்ததும் கிழவிக்கே மனம் இளகிவிட்டது. கரையோரத்து மரங்களையும், தோட்டங்களில் வரிசை வரிசையாக நின்ற பூச்செடிகளையும் காட்டிக் காட்டிப் பேசினாள். ஒஃபேலியா கொண்டுவந்திருந்த, மிளகாய் அரைத்துவிட்ட கோழி மோலேக் குழம்பை எடுத்துப் பரிமாறினாள். கிழவி அதை மறுக்கவில்லை. மரக்கட்டைகளைக் கோலால் தட்டி மரிம்பா வாசிக்கும் குழு ஒன்று தங்கள் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டியது. அம்பாரோ ஒரு பாட்டைக் கேட்டாள். வாசிப்பு தொடங்கிய நேரத்தில் கிழவியின் மடியில் இருந்த போன் அடித்தது.

"என் பையன்" என்றாள் கிழவி. முகமெல்லாம் மலர்ந்தது. ஞாயிறு மதியம் தவறாத அழைப்பு. வடக்கிலிருந்து வருவதென்றால் திரையில் நம்பர் விழாது என்று அம்பாரோ எப்போதோ சொல்லியிருந்தாள்.

"சாப்பிட்டியாடா? வேலைக்குப் போகலையா இன்னிக்கு?"

வேலையில்தான் இருப்பதாக அவன் சொன்னான். அவன் குரல் கம்மியிருந்தது. சளியா என்று அவள் கேட்டாள். நீ எப்படி இருக்கேம்மா, ரொம்ப இளைச்சுட்டியே என்றான் அவன்.

கிழவி திடுக்கிட்டாள். "இளைச்சுட்டேன்னு உனக்கு யாரு சொன்னது?"

 அவளுக்கு ஒரு காதில் மரிம்பா, போன் வைத்த காதிலும் மரிம்பா. சத்தத்தில்தான் குழம்புகிறது என்று நினைத்தாள். சட்டென்று இரண்டு படகுகளும் மோதி, வாசிப்பவரின் கோல் ஒன்று தண்ணீரில் விழுந்தது. பாட்டு அறுந்தது. இரண்டு காதிலும் ஒரே நொடியில் அறுந்தது.

அந்த அமைதியில் சின்னப் படகில் வந்த சோளம் விற்கும் பெண் குரல் கொடுத்தாள். "மிளகாய்ப் பொடி போடவா, பச்சைச் சட்டை அக்கா?"

அம்பாரோவைத்தான் கேட்டாள். அந்தக் கேள்வி கிழவிக்குப் போனுக்குள்ளிருந்தும் கேட்டது.

ஹசிந்தா அம்மாள் போனை மெதுவாக மடியில் இறக்கினாள். திரும்பிப் பார்த்தாள். கூப்பிடு தூரம்கூட இல்லை, பின்னால் ஒரு காலிப் படகு. அதன் முனையில் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவன் நின்றான். ஒரு கையில் நீண்ட கழி, மறுகையில் காதோடு சேர்த்த போன். காலையிலிருந்தே மறைந்து மறைந்து பின்தொடர்ந்தவன், அம்மாவைப் பார்த்தபின் போகவும் முடியாமல், நெருங்கவும் முடியாமல் நின்றிருந்தான்.

"நிக்கோ" என்றாள் கிழவி. 

அவன் கழியை ஊன்றி ஒரே தள்ளில் வந்து சேர்ந்தான். இந்தப் படகில் கால் வைத்ததும் அம்மாவின் காலடியில் சரிந்தான். கிழவி அவன் தொப்பியை எடுத்துவிட்டு, தலையை, காதை, தாடையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அவன் தோளில் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். எப்போது வந்தாய், ஏன் சொல்லவில்லை, ஏன் இந்தக் கோலம்...

"நான் எங்கயும் போகலைம்மா. வடக்கே போகவே இல்லை. இங்கதான் இருந்தேன். ஜெயில்ல."

படகு தள்ளுபவர் கழியைத் தூக்கிவிட்டார். படகு தன்பாட்டில் மிதந்தது. நிக்காந்த்ரோ எல்லாவற்றையும் சொன்னான். குடித்ததையும், ரொட்டிக்காரரையும், ஓடியதையும் மறைக்காமல் சொன்னான். இறந்தவரின் மனைவியிடம் போய் மன்னிப்புக் கேட்டதையும், அவள் கதவைச் சாத்திக்கொண்டதையும் சொன்னான்.

கிழவி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அம்பாரோதான் குறுக்கிட்டாள். "அப்போ அண்ணி உன்னை வீட்டை விட்டு விரட்டினது..."

நிக்காந்த்ரோ தலையைத் தூக்கினான். "அண்ணியா? என்னையா? யாரு சொன்னது அப்படி?"

 அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். படகின் கடைசி நாற்காலியில், சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நடுவே, யாரோ போல உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தான். அவனுக்கு மெதுவாகப் புரிந்தது.

"இத்தனை வருஷமா அப்படியா நினைச்சிட்டிருந்தீங்க? அம்மா... ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் விடியறதுக்கு முன்னாடியே வந்து ஜெயில் வாசல்ல வரிசையில நிப்பாங்கம்மா. மழையிலயும் நிப்பாங்க. கொண்டு வர்ற சாப்பாட்டைக் காவலாளி கரண்டியால கிளறிப் பார்ப்பான், அதையும் பொறுத்துக்கிட்டு உள்ள வருவாங்க. எனக்குக் காய்ச்சல்னா அங்கயே உட்கார்ந்து ஊட்டி விடுவாங்க. நான் அங்க தொங்காம உயிரோட வெளியில வந்தேன்னா அது அண்ணியாலதான்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பா செத்துப்போனப்ப... எப்படி இருந்தாரு, முகம் எப்படி இருந்துச்சுன்னு யாரு வந்து சொன்னாங்க எனக்கு? அண்ணிதான். பஸ்ஸுல வந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வந்தாங்க. அப்பாவுக்குக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தாங்க, மீசையை ஒதுக்கி விட்டிருந்தாங்க, கையில அம்மாவோட ஜெபமாலை இருந்துச்சு, தூங்கற மாதிரியே இருந்தாருன்னு ஒண்ணு விடாம சொன்னாங்க. உனக்காகத்தான் நின்னு பார்த்துட்டு வந்தேன்னு சொன்னாங்க. அதனாலதான்மா நான் அப்பாவைப் பார்த்தேன்."

அம்பாரோவின் கையிலிருந்த சோளம் நழுவித் தண்ணீரில் விழுந்தது. "ஜெயிலுக்குள்ள..." என்றாள். "கறுப்புத் துணியோட விடமாட்டாங்களா?"

"விடமாட்டாங்க. கறுப்பு, நீலம் எதுவும் கூடாது. வாசல்ல வாடகைக்குச் சட்டை தருவாங்க. அன்னிக்கு அண்ணி சிவப்புல ஒண்ணு போட்டுக்கிட்டு வந்தாங்க. ஏன்க்கா?"

அம்பாரோ முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

ஹசிந்தா அம்மாள் மூத்த மகன் பக்கம் திரும்பினாள்.  பார்த்தாள், அவ்வளவுதான். ருத்திலியோ எழுந்து நின்றான்.

"நான்தான்மா சொன்னேன். நீ கேட்டுக்கிட்டே இருந்தே, எனக்கு வேற ஒண்ணும் தோணலை. அவ பக்கத்துலதான் நின்னா. அவ எதுவும் சொல்லலை. அதனால நானும் அப்படியே விட்டுட்டேன்."

"ஏண்டா, நீ ஆம்பளையா?" என்றாள் கிழவி, தணிந்த குரலில். "எழுந்து பின்னாடி போ. அவளை இங்க வந்து உட்காரச் சொல்லு."

ஒஃபேலியா வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, பாத்திர மூடியைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். யார் முன்னாலும் அழாமல் இருந்தவளுக்கு இப்போது நிறுத்தத் தெரியவில்லை. கிழவி தானே எழுந்தாள். ஆடும் படகில், வீங்கிய முழங்கால்களோடு, மகனின் கையைக்கூடத் தட்டிவிட்டு நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். மருமகள் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி... என் வாயால உன்னை என்னவெல்லாம் சொன்னேன்..."

"சத்தியம் பண்ணியிருந்தேன் அத்தை."

"கோயில்ல உன் சால்வையைத் தள்ளிவிட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அப்பத்தான் முடிவு பண்ணேன். இங்க கூட்டிட்டு வரணும்னு."

கிழவி அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு மருமகள் கண்ணைப் பார்த்தாள். நிக்காந்த்ரோ அண்ணியின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். மரிம்பாக்காரர் தண்ணீரிலிருந்து எடுத்த கோலைத் துடைத்துக்கொண்டே, பாதியில் நின்ற பாட்டை வாசிக்கட்டுமா, விட்டுவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

*

திங்கட்கிழமை ஊருக்குத் திரும்ப இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்திருந்த பஸ்ஸில் ஐந்து பேராகப் போனார்கள். கிழவியின் கட்டளை அது. நிக்காந்த்ரோ அப்பாவின் கல்லறையில் விழுந்து கும்பிட வேண்டும், கூடவே ஒஃபேலியாவும் வரவேண்டும் என்றாள். பார்லரைத் திறக்க வேண்டுமே என்றதற்கு, இன்னும் ஒரு வாரம் உங்க ஊர்ப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு திரியட்டும் என்று சொல்லிவிட்டாள்.

ருத்திலியோவுக்கு உடனே மன்னிப்பு கிடைத்துவிடவில்லை. பஸ்ஸில் மனைவி பக்கத்து இருக்கையில் உட்காரப் போனவனை, அங்க அத்தை உட்காரட்டும் என்று ஒஃபேலியாவே எழுப்பிவிட்டாள். வழியில் பஸ் நின்ற இடத்தில் அவன் காப்பி வாங்கிக் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக்கொண்டாள். அப்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "என் பேரை இனி யார்கிட்டயும் அடகு வைக்காதீங்க. எனக்கு மறுபடி மீட்கத் தெம்பு இல்லை." அவன் தலையசைத்தான். அப்பாவின் கல்லறையில் தம்பிக்கு முன்னால் அவன்தான் முதலில் மண்டியிட்டான், வெகுநேரம் எழவில்லை.

கல்லறையிலிருந்து வந்ததும் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள் ஒஃபேலியா. மாமியார் விடவில்லை. நல்ல உடையாகப் போட்டுக்கொள் என்றாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தெருவுக்குக் கூட்டிப்போனாள். மாவு அரைக்கும் கடை வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். ஒஃபேலியாவைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு நின்றது. துக்க வீட்டில் இவளை அடுப்படியில் உட்காரவைத்தபோது கூட இருந்தவர்கள் அவர்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள் ஹசிந்தா அம்மாள். "என் மருமகளைப் பத்தி நான் உங்ககிட்டச் சொன்னது அத்தனையும் பொய். என் பையன் தப்புப் பண்ணி ஜெயில்ல இருந்தான். அவனுக்குச் சோறு போட்டு உயிரோட காப்பாத்தினது இவ. அவன் மானம் போகக் கூடாதுன்னு இவ மானத்தைக் கொடுத்தா."

மகன் ஜெயிலில் இருந்தான் என்று தன் வாயாலேயே ஊருக்குச் சொன்னாள். கூட வந்திருந்த நிக்காந்த்ரோ பின்னால் தலைகுனியாமல் நின்றான். அவன்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தான். பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள். இன்னொருத்தி ஒஃபேலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து கோயில் வாசல், அங்கிருந்து ரொட்டிக்கடை, அங்கிருந்து அம்பாரோவின் மாமியார் வீடு. கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். அம்பாரோ அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் சிவப்புச் சட்டைக் கதையை அவளே எடுத்துச் சொல்லி அவளே அழுதாள். வெயில் சாய ஆரம்பித்தது. கிழவி நொண்டி நொண்டி நடந்தாள்.

"போதும் அத்தை" என்றாள் ஒஃபேலியா. அழுததில் அவளுக்குக் குரலே இல்லை. "கால் வீங்கியிருக்கு. வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு நீங்க நம்பினதே போதும்."

கிழவி மருமகளின் தோளில் கையை ஊன்றி ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினாள்.

"உனக்குப் போதும். எனக்குப் போதலை. வீடு வீடாப் போய்ச் சொன்னவ நான். வா, இன்னும் மேலத்தெரு முழுக்க பாக்கி இருக்கு."